பழுப்புப் பூச்சி

கொஞ்சம் ஜன்னல் ஓரமா நகந்து குந்து கண்ணு, நான் இப்படி ஒண்டிக்கறேன். தருமபுரிதான போற? நானும் அங்கதான். பெரியாஸ்பத்திரிக்கு. ஐயோ, எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். எங்க ஓரகத்தி இருக்காளே, என் கொழுந்தன் பொண்டாட்டி, பூங்காவனம்னு பேரு, அவ மகளுக்குப் பேறுகாலம். கொழந்தைக்குக் கொடி சுத்தியிருக்குதுன்னு முன்னாடியே சேத்து வெச்சிருக்காங்க. ஆத்தாளும் மகளும் ஆஸ்பத்திரிலயே கெடக்கறாங்க. அவங்களுக்குத்தான் சோறு எடுத்துக்கிட்டுப் போறேன்.

ஏங்கண்ணு, உன்னப் பாத்தா படிச்ச புள்ளையாட்டம் இருக்குது. ஒரு ஞாயம் கேக்கட்டுமா? தப்பா நெனச்சுக்காத. எனக்குப் பேச ஆளில்ல. எங்கூட்டுக்காரரு இருக்காரு, அவரு வாயத் தொறக்கறதில்ல. மாடு இருக்குது, நல்லாக் கேட்டுக்கும், பதிலு சொல்லாது. அதான் உன்னக் கேக்கறேன்.

ஒருத்தி தோட்டத்த உயிரக் குடுத்துப் பாத்துக்கறா. இன்னொருத்தி சோத்தத் தின்னுட்டு காலு நீட்டித் தூங்கறா. கடைசில தூங்குனவ தோட்டம் பச்சப்பசேல்னு நிக்குது, பாத்துக்கிட்டவ தோட்டம் கருகிக் கெடக்குது. இது என்னா ஞாயம்? இல்ல, நீயே சொல்லு.

சொல்ல வேணாம், இரு. மொத்தத்தையும் கேட்டுட்டு அப்பறம் சொல்லு.

எங்களுக்குப் பட்டுப்புழுதான் பொழப்பு. மல்பெரிச் செடி வெச்சிருக்கோம். அதுலருந்து தழ வெட்டியாந்து புழுவுக்குப் போடறது, புழு தின்னு வளந்து கூடு கட்டுனா மார்க்கெட்டுக்குக் கொண்டு போறது. சொல்றதுக்குச் சுளுவா இருக்குது இல்ல? பெத்த கொழந்தயக்கூட நாங்க இப்படிப் பாத்துக்கிட்டதில்ல. புழு வளக்கற மனைக்குள்ள போகணும்னா கை காலு கழுவணும், வாசல்ல சுண்ணாம்புத் தூள மிதிச்சிட்டுத்தான் உள்ள காலு வெக்கணும். தலையில பூ வெச்சிக்கிட்டுப் போகக்கூடாது. பவுடர் பூசிக்கிட்டுப் போகக்கூடாது. காலைல எந்திரிச்சதும் மொத வேல, தழ பரப்புன படுக்கைல இருக்கற புழுவ ஒரு பார்வ பாக்கணும். ஏதாச்சும் ஒண்ணு ஊதிப்போயி, தோலு நெறம் மாறி இருந்துச்சின்னா அது பால் புழு. சீக்குப் புழு. அது வெடிச்சா பாலா ஒழுகும், அந்தப் பாலு பட்டா சுத்தி இருக்கற அத்தனையும் போச்சி. அதனால கண்ணுல பட்டதும் பொறுக்கி பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணில போட்டுடணும். நின்னு யோசிக்கக்கூடாது. ஐயோ பாவம்னு பாக்கக்கூடாது.

இந்த வேலைல என்ன அடிச்சுக்க எங்கூர்ல ஆளில்ல. பெருமைக்குச் சொல்லல. மாதம்மா கண்ணுல இருந்து ஒரு பால் புழு தப்பாதுன்னு ஊரே சொல்லும். யாரு ஊட்டுப் புழுவுக்குச் சீக்கு வந்தாலும் என்னத்தான் வந்து கூப்புடுவாங்க. என் வெரலு தானாப் போயி அதும் மேல நிக்கும். கண்ணு பாக்கறதுக்கு முன்னாடியே கை பாத்துடும்னா பாத்துக்கோயேன்.

பூங்காவனம் இருக்காளே, அவ நேர் எதிரு. நல்ல மனசு, அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். ஆனா சோம்பேறி. அவ மனைல ஒட்டட தொங்கும். 'அட அதுங்களுக்குத் தெரியாதா அக்கா, அதுங்களே பொழச்சிக்கும்'னு சொல்லிட்டு வெத்தல போடுவா. ரெண்டு பேரு தோட்டமும் அடுத்தடுத்து, நடுவுல ஒரு வரப்புதான்.

இப்படி இருக்கச்சொல்லத்தான் மாவுப்பூச்சி வந்துச்சி. மொதல்ல பப்பாளி மரத்துல பஞ்சு ஒட்டுன மாதிரி இருந்துச்சி. யாரு கண்டா அதுக்கப்பறம் நம்ம கொல்லைக்கு வரும்னு? மல்பெரிச் செடியில கொழுந்து சுருண்டுச்சி, தழைக்கு அடில வெள்ள வெள்ளையா மாவு அப்புன மாதிரி ஆச்சி, தழ மஞ்சப் பூத்துக் கொட்டுச்சி. வேற வெள்ளாமன்னா மருந்து அடிச்சிடலாம். எங்களால முடியுமா? மருந்து பட்ட தழயத் தின்னா எங்க புழு அன்னிக்கே சுருண்டுடும். இந்தப் பூச்சியக் கொல்ற மருந்து அந்தப் பூச்சியையும் கொல்லும். பக்கத்துக் கொல்லைல தக்காளிக்கு அடிச்சாலே எங்களுக்கு நெஞ்சு அடிச்சுக்கும், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மண்ணத் தூக்கிப் போட்டுப் பாப்போம். என்னா பண்ணச் சொல்ற? கையக் கட்டிப் போட்ட மாதிரி வரப்பு மேல நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம். செடி கண்ணு முன்னாடி சாவுது, தொடக்கூடாது. நான் மாரியம்மா கோயில்ல போயி அழுதேன்.

டிக்கெட்டா? தருமபுரி ஒண்ணு குடுப்பா. சில்லற இருக்குது, இந்தா.

அப்பத்தான் பூச்சி ஆபீசுலருந்து ஹேமலதா மேடம் வந்தாங்க. ஆபீசு பேரு பெருசா இருக்கும், எங்க வாயில நொழையாது, நாங்க பூச்சி ஆபீசுன்னு சொல்லுவோம். நல்லவங்கதான். வெயில்ல நிப்பாங்க, நாம குடுக்கற மோரக் குடிப்பாங்க. பால் சொசைட்டில எல்லாரையும் குந்த வெச்சி, 'மருந்து வேணாம், மாவுப்பூச்சியத் திங்கற பூச்சிய வெளியில இருந்து கொண்டாந்து விடலாம்'னாங்க. எத விடறதுன்னு இன்னும் முடிவு பண்ணல, மூணு வகை வெச்சிருக்கோம், பாத்துத்தான் எடுக்கணும்னாங்க. மொதல்ல ஒரு வண்டக் காட்டுனாங்க. செம்பு நெறத்துல, பொறிவண்டு மாதிரி. அது மாவுப்பூச்சியப் புடிச்சித் திங்கறத நான் கண்ணால பாத்தேன் கண்ணு. நம்ம புள்ளைங்க பொரி திங்கற மாதிரி நறுக்கு நறுக்குன்னு. எனக்கு ரொம்பப் புடிச்சிப் போச்சி. இதையே விடுங்க மேடம்னேன்.

'இல்லக்கா, அது நெறைய இருக்கற எடத்துல வயிறாரத் தின்னுட்டு, கொறஞ்சதும் வேற எடம் பாத்துப் பறந்துடும்'னாங்க. ரெண்டாவது ஒண்ணு, கண்ணாடி மாதிரி ரெக்க. அது கையில கெடச்ச பூச்சி எல்லாத்தையும் திங்குமாம். அதுவும் வேணாம்னாங்க. மூணாவதா ஒரு குப்பியக் காட்டுனாங்க. உள்ள ஒண்ணுமே இல்ல. உத்துப் பாத்தா கடுகுத் தூளாட்டம் என்னமோ நவுருது. குளவியாம்! இதுவா குளவின்னு நாங்க எல்லாரும் சிரிச்சிட்டோம். 'இது மாவுப்பூச்சியத் திங்காது, அதும் வயித்துக்குள்ள முட்ட வெக்கும், குஞ்சு உள்ளருந்தே அதத் தின்னுட்டு வெளிய வரும்'னாங்களா, அவ்ளோதான்! சொசைட்டியே எந்திரிச்சி நின்னுடுச்சி.

உனக்குத் தெரியாது, ஊசி ஈன்னு ஒண்ணு இருக்குது. பட்டுப்புழு மேல முட்ட வெச்சிட்டுப் போயிடும். முட்ட பொரிஞ்சி புழு உள்ள போயி நம்ம புழுவத் துளச்சித் தின்னுடும். கருப்பா ஒரு புள்ளி விழும், அத்தோட முடிஞ்சிச்சி. அதுக்குப் பயந்துதான் ஜன்னலுக்கெல்லாம் வல அடிச்சி வெச்சிருக்கோம். ஒரு தடவ மொத்தத்தையும் அதுக்குக் குடுத்துட்டு நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருக்கேன். அதே மாதிரி இன்னொண்ண நீங்களே டப்பாவுல கொண்டாந்து விடறேன்றீங்களான்னு நான்தான் மொதல்ல கத்துனேன். பூங்காவனம் என் முந்தானையப் புடிச்சி இழுக்கறா, 'கம்முனு இரு அக்கா'ன்னு. கம்முனு இருக்கற ஆளா நானு?

மேடம் கோவப்படல. 'நீங்க கேக்கறது சரிதான்க்கா. அது உங்க புழுவத் தொடாதுன்னு தெரிஞ்சாத்தான் நாங்களே எடுப்போம்'னாங்க. ஆபீசுல பாத்தாச்சாம். நான் நம்பல. உங்க புழு மேல இல்ல, என் புழு மேல வெச்சிக் காட்டுங்கன்னேன். சரின்னுட்டாங்க. என் படுக்கைலருந்து நல்ல கொழுத்த புழுவா எடுத்துக் குடுத்தேன். வலத்துணி போட்ட பொட்டிக்குள்ள எம்புழுவையும் அந்தக் குளவியையும் ஒண்ணா விட்டு அடச்சாங்க. நானும் சொசைட்டிலயே குந்திக்கிட்டேன். தழ போட மட்டும் எந்திரிச்சிப் போவேன், திரும்ப வந்து குந்திக்குவேன். எங்கூட்டுக்காரரு சோறு கொண்டாந்து குடுத்தாரு.

எம்புழு தின்னுச்சி, தூங்குச்சி, தோல உரிச்சிச்சி, கடைசில கூடும் கட்டுச்சி. மேல ஒரு புள்ளி இல்ல. அந்தக் குளவிங்க? அதுக்கு மாவுப்பூச்சி வெக்கல பாரு, எல்லாம் பொட்டி மூலைல செத்துக் கெடந்துச்சி. பக்கத்துலயே கொழுத்த புழு இருக்குது, தொடல. பசியில செத்துச்சி. 'இதுக்காகத்தான்க்கா இத எடுத்தோம். பட்டினி கெடந்து சாகும், வேறெதையும் தொடாது'ன்னு மேடம் சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. இப்படி ஒரு மானமுள்ள பூச்சியா! மேடம், மொதல்ல என் தோட்டத்துலதான் விடணும்னு நானே கேட்டேன். ஆமா, நான்தான் கேட்டேன். அந்தப் பூச்சிய எடுத்ததுல எனக்கும் பங்கு இருக்குது, மறந்துடாத.

விடற அன்னிக்கு ஊரே வந்துச்சி. வெறும் கையால எப்படி விடறதுன்னு நான் தேங்கா ஒடச்சி கற்பூரம் காட்டலாம்னு நெனச்சேன். கற்பூரத்த மறந்துட்டு வந்துட்டேன், ஊட்டுக்கு ஓடுனேன். நான் வர்றதுக்குள்ள மேடம் என்னமோ எல்லாருக்கும் வெளக்கமாச் சொல்லிட்டாங்க. நான் வந்தப்ப கடைசிப் பேச்சுதான் காதுல விழுந்துச்சி. மருந்து அடிக்காதீங்க, செடிய வெட்டாதீங்க, அப்படியே விட்டுடுங்கன்னு. சரி, அதானேன்னு கற்பூரம் ஏத்துனேன். குப்பியத் தொறந்தாங்க. போன பூச்சி போன எடம் தெரியல.

அதுக்கப்பறம் காத்துக்கிட்டு இருந்தேன் பாரு, அது மாதிரி ஒரு கொடும கெடையாது. வண்டுன்னா கண்ணுக்குத் தெரியும், வேல செய்யுதுன்னு மனசு ஆறும். இது இருக்குதா செத்துச்சா ஒண்ணும் தெரியல. காலைல போயிப் பாப்பேன், வெள்ளையா அப்பிக்கிட்டுத்தான் இருக்குது. சாயங்காலம் போயிப் பாப்பேன், அப்படியேதான் இருக்குது. மனைல இளம்புழு வந்து எறங்கியாச்சி. அது வளர வளர தழ கேக்கும். கடைசித் தோலு உரிச்சி எந்திரிச்சா அதுக்கு வர்ற பசி இருக்குதே, அப்பா! மனைக்கு வெளிய நின்னாலே மழ பெய்யற மாதிரி சத்தம் கேக்கும். அதுக்குள்ள செடி தேறணும். தேறலன்னா எதப் போடறது? அதே நெனப்புதான் எனக்கு. சோறு எறங்கல.

ஒரு நாளு தழயத் திருப்பிப் பாக்கறேன், வெள்ளப் பூச்சிக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு வேற மாதிரி இருக்குது. ஊதிப்போயி, பழுப்பா, கெட்டியா, நவுராம ஒட்டிக்கிட்டு. எனக்கு ஒடம்பே சிலுத்துக்கிச்சி. அப்படியே பால் புழுவாட்டம். புது சீக்கு! மாவுப்பூச்சி பத்தாதுன்னு இது வேறயான்னு கையி அதும்பாட்டுக்குப் போயிடுச்சி. ஊட்டுலருந்து பக்கெட்டுல பிளீச்சிங் தண்ணி கலக்கிக்கிட்டு வந்து ஒவ்வொண்ணா உரிச்சிப் போட்டேன். வெள்ளையா இருக்கறதத் தொடல. அது குளவிக்குத் தீனி, அதுல கை வெக்கக்கூடாதுன்னு தெரியும் எனக்கு. மருந்து அடிக்கல. செடிய வெட்டல. மேடம் சொன்னத ஒண்ணையும் மீறல. பழுப்ப மட்டும்தான் எடுத்தேன்.

தெனமும் எடுத்தேன். இடுப்பு ஒடஞ்சிப் போச்சி. பூங்காவனம் வரப்பு மேல நின்னு வெத்தல மென்னுக்கிட்டு, 'எதுக்குக்கா இந்தப் பாடு, மேடம் என்னமோ சொன்னாங்களே, எனக்குத்தான் சரியா ஞாபகமில்ல'ன்றா. உனக்கு என்னாதான் ஞாபகம் இருக்குது, போய்த் தூங்குடின்னேன். அவ கொல்லைலயும் பழுப்பு அப்பிக்கிட்டு இருந்துச்சி. ஒண்ணத் தொடல அவ.

இண்டூரு வந்துடுச்சா? தருமபுரிக்கு இன்னும் தூரம் இருக்குது. நீ தண்ணி குடிக்கறியா? வேணாமா, சரி.

மேடம் திரும்ப வந்தாங்க. கண்ணாடி வில்லைய வெச்சிக்கிட்டு என் தோட்டத்துல செடி செடியாப் பாக்கறாங்க, மொகம் செத்துப்போச்சி. வரப்பத் தாண்டி பூங்காவனம் கொல்லைக்குப் போனாங்க. அங்கருந்து சின்னப் புள்ளையாட்டம் கத்தறாங்க, 'வந்துடுச்சி, புடிச்சிக்கிச்சி, எவ்ளோ இருக்குது பாருங்க'ன்னு. என்னான்னு ஓடிப் பாத்தா அந்தப் பழுப்புச் சனியனக் காட்டிச் சிரிக்கறாங்க! 'அக்கா, உங்க தோட்டத்துலதான் விட்டோம், உங்களுதுல மட்டும் ஏன் ஒண்ணுமே இல்ல?'ன்னாங்க. நான் பெருமையாச் சொன்னேன், இருந்துச்சி மேடம், ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டேன்னு. பக்கெட்டக் கொண்டாந்து காட்டுனேன்.

அந்த மேடம் அப்படியே மண்ணுல குந்திட்டாங்க.

அப்பறம் சொல்றாங்க. அது சீக்கு இல்லயாம். குளவி முட்ட வெச்ச மாவுப்பூச்சிதான் அப்படி ஊதிப் பழுப்பாவுமாம். அந்த ஓட்டுக்குள்ளதான் குளவிக் குஞ்சு இருக்குமாம். 'இதெல்லாம் நம்ம பூச்சிக்கா. நீங்க பொறுக்குனது பூராவும் நம்ம பூச்சி'ன்றாங்க. பூங்காவனம் தொடாம விட்டதால வரப்பத் தாண்டிப் போனது அங்க பெருகிடுச்சாம்.

எப்படி இருக்குது கத? இத்தன வருசமா பொறுக்கறவளுக்கு ஊதிப்போனது எது, நல்லது எதுன்னு தெரியாதா? நான் கேட்டேன், நல்லாக் கேட்டேன். மேடம், அது என் பூச்சி. என் புழுவ வெச்சி சோதிச்ச பூச்சி. என் தோட்டத்துல கற்பூரம் ஏத்தி விட்ட பூச்சி. அது அவ கொல்லைல போயி குந்திக்கிச்சின்னா புடிச்சாந்து குடுங்க, அத விட்டுட்டு என் மேல பழியப் போடாதீங்கன்னேன். அவங்க என்னமோ திரும்ப சொல்ல வந்தாங்க. எங்கூட்டுக்காரருதான், 'விடுங்க மேடம், இனிமே இத அவகிட்ட பேசாதீங்க'ன்னுட்டாரு. பாத்தியா? மனுசன் என் பக்கம்தான் நின்னாரு. ஏன்னா எனக்கு அப்பவே கண்ண இருட்டிக்கிட்டு வந்துடுச்சி, விழுந்துட்டேன். வெயிலு. காலைலருந்து ஒண்ணும் சாப்புடல.

இல்ல கண்ணு, நீயே யோசிச்சுப் பாரு. அவங்க சொல்றது நெசம்னா என்னா அர்த்தம்? நானே என் கையால... இந்தக் கையால... அப்படின்னுதான அர்த்தம்? நடக்கற காரியமா அது? நடக்காது. அதனால அது நெசமில்ல.

அப்பறம் எம்புழுங்க கடைசித் தோலு உரிச்சி எந்திரிச்சிச்சி. தழ இல்ல. ஊரு ஊரா அலஞ்சோம், எல்லாருக்கும் இதே கதிதான், யாரு தருவா? படுக்கைல குச்சிதான் கெடக்குது. எல்லாப் புழுவும் தலயத் தூக்குது. தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டுது. அதுக்கு வாயி இல்ல, கத்தத் தெரியாது. கத்தியிருந்தாக்கூட தேவல போல இருந்துச்சி எனக்கு. மழ பெய்யற சத்தம் வரவேண்டிய மனைல சத்தமே இல்ல. நான் உள்ள போவேன், பாப்பேன், வெளிய வந்துடுவேன். என்னால ஒண்ணும் பண்ண முடியல. ஒண்ணுமே பண்ண முடியல கண்ணு.

பூங்காவனம் வந்தா. அவ தோட்டம்தான் துளுத்துடுச்சே. தல நெறைய தழக்கட்டு. 'அக்கா, போடு அக்கா'ன்னா. கட்டப் பிரிச்சேன், தழயத் திருப்புனேன். அடில பழுப்பு ஒட்டிக்கிட்டு இருக்குது! இதையா என் மனைக்குள்ள கொண்டு போவேன்? பட்டினில இருக்கற புழுவுக்குச் சீக்கு வேற வரணுமா? எடுத்துக்கிட்டுப் போடின்னுட்டேன். மறுபடியும் வந்தா, தொடச்சி எடுத்துக்கிட்டு வந்தா, அதுலயும் ஒண்ணு ரெண்டு இருந்துச்சி. எங்கூட்டுக்காரரு ஒரு அணைப்பு அள்ளிக்கிட்டு உள்ள போகப் பாத்தாரு. நான் வாசல்ல குறுக்க நின்னேன். என்ன மிதிச்சிட்டுப் போயிப் போடுன்னேன். அவரு தழய அப்படியே கீழ போட்டுட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போயிட்டாரு. பூங்காவனம் அங்கயே குந்தி அழுதா. எம்புழுவுக்கு அவ ஏன் அழுவணும்? நல்லவ, அதான் சொன்னேன் இல்ல.

ஒண்ணு ரெண்டு கூடு கட்டுச்சி, வெங்காயச் சருகு மாதிரி. மிச்சமெல்லாம் போயிடுச்சி. குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடுறப்ப எனக்குக் கையி வரல. பூங்காவனம்தான் மம்பட்டிய வாங்கி மண்ணத் தள்ளுனா. 'நான் அப்பவே சொன்னேனே'ன்னு ஒரு வார்த்த சொல்லணுமே? சொல்லல. எனக்கு மொகம் கழுவி விட்டா. அவ ஊட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போயி, ஊட்டி விடாத கொறையா சோறு போட்டா. அந்தச் சோத்த நான் மறக்க மாட்டேன்.

அதான் இப்ப அவளுக்கு ஒரு கஷ்டம்னதும் நான் நின்னேன். மகள ஆஸ்பத்திரில சேத்ததும், 'அக்கா, எம்புழுவப் பாத்துக்க, தோட்டத்தப் பாத்துக்க'ன்னு கையப் புடிச்சா. என் கொழுந்தன் லாரில போயிருக்காரு, எப்ப வருவாருன்னு சொல்ல முடியாது. எங்களுக்குத்தான் இந்தத் தடவ புழுவே இல்லயே, எங்கூட்டுக்காரரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிட்டாரு. நீ போடி, உன்னுத நான் என்னுதாட்டம் பாத்துக்கறேன்னு சொல்லி அனுப்புனேன்.

பாத்துக்கிட்டேன் கண்ணு. மனைல ஒட்டட அடிச்சேன், சுண்ணாம்பு போட்டேன். அவ புழு இப்ப எப்படி இருக்குது தெரியுமா? கடைசித் தோலு உரிச்சி நேத்துதான் எந்திரிச்சிச்சி. திங்குது பாரு, மழ கொட்டற மாதிரி. எனக்கு அந்தச் சத்தத்தக் கேட்டா அழுக வருது. தோட்டத்தையும் விடல. அவ சோம்பேறி, அவளுக்கு யாரு செய்வா? இருட்டு பிரியறதுக்குள்ள பக்கெட்ட எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். அந்தக் கோடில ஆரம்பிச்சி இந்தக் கோடி வரைக்கும் பழுப்பு அத்தனையும் பொறுக்கிட்டேன். இப்ப அவ கொல்லைல வெளக்கு வெச்சித் தேடுனாலும் ஒரு பழுப்பு கெடையாது.

ரெண்டு நாளா வெள்ள மட்டும் கொஞ்சம் தல காட்டுது. கொழுந்து லேசா சுருளுது. அது காத்து மாறுனதால. நாளைலருந்து இன்னும் வெரசா கெளம்பிப் போகணும்.

எங்கூட்டுக்காரரு நேத்து சாயங்காலம்தான் பெங்களூர்லருந்து வந்தாரு. காலைல என்னத் தேடிக்கிட்டு பூங்காவனம் கொல்லைக்கு வந்தாரு. பக்கெட்டப் பாத்தாரு. செடியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. 'மாதம்மா'ன்னாரு. வரப்புலயே தலையில கைய வெச்சிக்கிட்டுக் குந்திட்டாரு. பஸ்ல வந்த அலுப்புன்னு நெனச்சேன். அப்பறம் மேடத்துக்குப் போன் போட்டாரு. போன் போட்டுட்டு ஒண்ணுமே பேசாம காதுல வெச்சிக்கிட்டே நிக்கறாரு. அந்தப் பக்கம் மேடம் அலோ அலோன்றது எனக்கே கேக்குது. பேசுய்யான்னேன். என் மூஞ்சியப் பாத்தாரு, போன அணச்சிட்டாரு. நல்ல மனுசன், என்னாச்சின்னே தெரியல.

இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனதும் மொத வேல, பூங்காவனத்துக்கிட்ட இதச் சொல்லணும். மக இப்படிக் கெடக்கறாளேன்னு கவலைல இருப்பா, இதக் கேட்டா கொஞ்சம் மனசு தேறும். ஒண்ணு விடாம எடுத்துட்டேன்டி, நீ நிம்மதியா இருன்னு சொல்லணும்.

ஏங்கண்ணு, மொகத்த ஏன் அப்படி வெச்சிருக்கற? இண்டூர்லருந்தே நானும் பாக்கறேன். எங்கூட்டுக்காரரு பாக்கற மாதிரியே பாக்கற. எல்லாரும் இப்படியே பாத்தா நான் எங்க போவேன்? நான் செஞ்சது சரிதான? அவ போட்ட சோத்துக்குச் செஞ்சேன். சரிதான?

அதோ பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சி. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கு கண்ணு.